உபதேசியார் இராஜநாயக்கன்

தரங்கம்பாடி மிஷன் என்றவுடன் 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும், அவர்தம் தமிழ் அச்சுக்கூடமும் அன்பர்கள் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால், அங்கே அச்சான வேத நூலைப் படித்து அம்மிஷனை நாடிச் சென்ற இராஜநாயக்கன் என்பாரை நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே.

அவர் பறையர் வகுப்பினர், கத்தோலிக்கர், தஞ்சை அரசரின் படைச் சேவகர். நூலைப் படித்தபின் புராட்டஸ்டண்டு சபையிற் சேர்ந்து உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் அவர் பட்ட பாட்டையும் பக்தியையும் பாதிரிமாரே மெச்சினர்.

1733-இல் வேளாளராகிய ஆரோன் குருப்பட்டம் பெற்றார். 1741-இல் தியோகு பெற்றார். இராஜநாயக்கனின் பெயரும் ஆராயப்பட்டது. பட்டம் மட்டும் கிட்டவில்லை. கல்விக் குறையோ, ஒழுக்கக் குறையோ காரணமன்று. மேற்சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பதே காரணமாம்! 1708-இல் டேனிஷ் கோட்டைத் தலைவன் சீகன்பால்குவைச் சிறையிலிட்டபோதும் தளராத மிஷன் அது. ஞானஸ்நானம் பெற்றும் சாதியை விடாத தன் சபையாருக்கு அஞ்சிற்றே என்று நாம் வியக்கின்றோம். அவர்களைக் கண்டிக்க ஒருவர்க்கும் துணிவு பிறக்கவில்லை போலும்.

ஆரோன் ஐயரானார், தியோகு ஐயரானார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே ஊர் ஊராய் நடந்தார்.