காசநோய் வார்டில் கிடைத்த மனச்சோர்வு மாத்திரை

பி.காம். படிக்கிறவனுக்கு மருந்து வரலாறு எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

என் அம்மாவுக்கு எட்டு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். போன வருடம் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. இரவில் தூக்கமில்லை. திடீர் திடீரென்று படபடப்பு. சமைத்துக்கொண்டிருக்கும்போதே அழுகை. மூட்டு டாக்டர், மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அம்மா பத்தாவது நாளே நிறுத்திவிட்டார். குமட்டல், கை நடுக்கம். அதையும் தாண்டி ஒரு வருத்தம்: "இத்தனை மாத்திரை போதாதுன்னு பைத்திய மாத்திரையும் வேறயா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஆச்சரியமான விஷயம் ஒன்று கிடைத்தது. மனச்சோர்வுக்கான முதல் நவீன மாத்திரை மனநல மருத்துவமனையில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. வருடக்கணக்காகப் படுத்துக் கிடந்த காசநோயாளிகளின் வார்டில்தான் அது கண்ணில் பட்டது.

கதை ரசாயனச் சந்தையில் தொடங்குகிறது (இந்த இடம் காமர்ஸ்காரர்களுக்கு!). இரண்டாம் உலகப் போரில் ராக்கெட் எரிபொருளாகப் பயன்பட்ட ஹைட்ரசின், போர் முடிந்ததும் ஏராளமாக மிஞ்சியது. மருந்துக் கம்பெனிகளுக்கு அது மலிவாகக் கிடைத்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனியின் வேதியியலாளர் ஹெர்பர்ட் ஃபாக்ஸ், 1951இல் அதிலிருந்து இரண்டு காசநோய் மருந்துகளைத் தயாரித்தார். ஒன்று ஐசோனியாசிட், மற்றது அதன் தம்பி போன்ற இப்ரோனியாசிட்.

1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் இர்விங் செலிகாஃப், எட்வர்ட் ராபிட்செக் ஆகிய டாக்டர்கள் இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் தேறியது. ஆனால் இப்ரோனியாசிட் சாப்பிட்டவர்களிடம் வேறொன்றும் நடந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள், ஒருவரோடு ஒருவர் பேசிச் சிரித்தார்கள். வார்டில் நோயாளிகள் நடனமாடும் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. டாக்டர்களோ இந்த உற்சாகத்தைப் 'பக்கவிளைவு' என்றே குறித்துக்கொண்டார்கள்!

அதே 1952இல் பாரிஸின் சேந்த் ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, ஐசோனியாசிட்டை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்து, சிலர் தேறுவதைப் பார்த்தார். அப்போது நம் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. இந்தியாவிடம் நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1ஆம் தேதி.

ஐசோனியாசிட் காசநோய் மருந்தாகவே நிலைத்து, நம் பக்கமும் வந்து சேர்ந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளில் பாதிப் பேரை வீட்டிலும் மீதிப் பேரைச் சானடோரியத்திலும் வைத்து, ஐசோனியாசிட் சேர்ந்த ஒரே சிகிச்சையைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்ற முடிவு 1959இல் வெளியாகி, உலகெங்கும் காசநோய் சிகிச்சையையே மாற்றியது.

தம்பி இப்ரோனியாசிட் என்ன ஆனது? அதற்கு முன் ஒரு இந்திய மூலிகையைப் பார்க்க வேண்டும். சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அந்த வேரிலிருந்து 1952இல் ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. ரத்த அழுத்தக்காரர்கள் அதைச் சாப்பிட, சிலருக்கு மனம் சோர்ந்துபோனது. ஆக, உடம்பு நோய்க்கான ஒரு மருந்து மனதைத் தூக்கியது, இன்னொன்று மனதைக் கவிழ்த்தது!

நியூயார்க் மனநல மருத்துவர் நேதன் கிளைன் இரண்டையும் கையாண்டவர். முதலில் ரெசர்பைனை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு இப்ரோனியாசிட்டை எடுத்து, காசநோய் இல்லாத மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்து, 1957இல் முடிவை வெளியிட்டார். காசநோய் மருந்தாகக் கடையில் ஏற்கெனவே இருந்ததால் தனி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வருடத்தில் சுமார் 4 லட்சம் பேர் அதைச் சாப்பிட்டார்கள். ஆனால் கல்லீரல் பாதிப்பும் மஞ்சள் காமாலையும் வந்ததால் 1961இல் அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டது.

அதே 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்குக் கொடுத்துப் பார்த்து அதில் தோற்றுப்போன இமிப்ரமின், மனச்சோர்வுக்கு உதவுகிறது என்று எழுதினார். (அவருடைய சோதனைகளில் நோயாளிகளின் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்ற கறையும் உண்டு.) அந்த வகையில் வந்த அமிட்ரிப்டிலின் இன்றும் நம் ஊர் மருந்துக்கடைகளில் இருக்கிறது. சின்ன அளவில் நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூடக் கொடுக்கிறார்கள். 1987இல் அமெரிக்காவில் ஃப்ளூஆக்சட்டின் அனுமதி பெற்றது. இன்று அதிகம் எழுதப்படுபவை அந்த வகைதான்.

இந்த வரலாற்றிலிருந்து அம்மாவுக்குச் சொல்ல மூன்று விஷயங்கள் கிடைத்தன.

முதலாவது, காத்திருப்பு. இந்த மருந்துகள் வேலை காட்டச் சில வாரம் பிடிக்கும் என்பது 1950களிலிருந்தே தெரிந்ததுதான். குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் பிறகுதான் வரும். பத்து நாளில் நிறுத்தினால் கெட்டதை மட்டும் அனுபவித்துவிட்டு நல்லதைப் பார்க்காமல் போகிறோம்.

இரண்டாவது, முதல் மாத்திரை ஒத்துவராதது அதிசயமில்லை. 2001 முதல் 2006 வரை அமெரிக்காவில் சுமார் 4,000 பேரை வைத்து நடந்த 'ஸ்டார் டி' ஆய்வில், முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். செரட்டோனின் குறைவதுதான் மனச்சோர்வு என்று சுலபமாகச் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2022இல் ஒரு பெரிய மறு ஆய்வும் வந்தது. யாருக்கு எது ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றும் நடைமுறையில் இல்லை. கொடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். சீ வியூவிலும் அப்படித்தானே?

மூன்றாவது, நாள்பட்ட நோய் இருந்தால் கணக்கு இன்னும் சிக்கல். ஃப்ளூஆக்சட்டின் வகையோடு மூட்டுவலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். இதய நோய் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் வகையை யோசித்துத்தான் கொடுப்பார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இன்று கொடுக்கும் லினசோலிட், இப்ரோனியாசிட் செய்த அதே வேலையை லேசாகச் செய்யும். அதனால் அதைத் தொடங்கும் முன் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்க வேண்டும். எழுபது வருடம் கழித்தும் காசநோய் மருந்தும் மனச்சோர்வு மருந்தும் சொந்தம் விடவில்லை!

அதனால் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். யாரிடமாவது பேசினால் போதும் என்று தோன்றினால், அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

நாங்களும் பையோடு மறுபடி போனோம். டாக்டர் வலி மாத்திரையின் பெயரைப் பார்த்துவிட்டு, மனச்சோர்வு மருந்தை மாற்றி, குறைந்த அளவில் தொடங்கினார். மருந்தின் பெயரை எழுதப் போவதில்லை. அம்மாவுக்கு ஒத்துவந்தது உங்கள் அம்மாவுக்கும் ஒத்துவரும் என்றில்லை.

சீ வியூ கதையை ஒரு மாலை அம்மாவிடம் சொன்னேன். நடனம், ராக்கெட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்கள்லாம் வீட்டுக்குப் போனாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பல பேர் போனாங்கம்மா என்றேன். 1961க்குள் அந்தக் காசநோய் வார்டுகளே காலியாகிவிட்டன.

ஐந்தாவது வாரம், நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். முடக்குவாதம் அப்படியேதான் இருக்கிறது. கிளிப்பை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.