46 வயதும் ஆட்டுத் தைராய்டும்

எனக்கு 46 நடந்த வருஷம் உடம்பு கனத்தது, முடி கொட்டியது, பீரியட்ஸ் தாறுமாறானது, ராத்திரித் தூக்கம் போனது. "இந்த வயசுல அப்படித்தான்டி" என்றாள் அக்கா. டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். எட்டு மாதம் கழித்து இன்னொரு டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.ஹெச். எகிறியிருந்தது, அதாவது தைராய்டு மந்தம். அதன் பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது: "வயசு" என்கிற இந்தப் பதில் எத்தனை பழசு?

'மெனோபாஸ்' என்ற சொல்லை 1821-இல் உருவாக்கியவர் கார்டான் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1857-இல் லண்டன் மருத்துவர் எட்வர்ட் டில்ட் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பெயர் வைத்தது நல்லதுதான். ஆனால் நாற்பதைத் தாண்டிய பெண் என்ன சொன்னாலும் போட்டு மூடிவைக்க ஒரு பெட்டியும் கிடைத்துவிட்டது.

அந்தப் பெட்டிக்கு வெளியே பார்த்தவர் வில்லியம் கல். 1873-இல் லண்டன் மருத்துவர்கள் முன் அவர் வாசித்த கட்டுரை, நடுவயதுப் பெண்களுக்கு வரும் ஒரு விசித்திர மந்தநிலை பற்றியது. அதில் அவர் 'மிஸ் பி' என்று குறிப்பிடும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு சோர்வு கூடியது, உடல் பருத்தது, முகம் உருண்டையானது. மாதவிலக்கு நின்றதை கல் குறித்துக்கொண்டார். ஆனால் "அதனால்தான்" என்று சொல்லி முடித்துவிடவில்லை. காரணம் அவருக்குப் பிடிபடாவிட்டாலும், இது தனி நோய் என்பது பிடிபட்டது.

சில வருஷங்களில் வில்லியம் ஓர்ட் அதற்கு 'மிக்ஸிடீமா' என்று பெயர் வைத்தார். 1883-இல் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர், தைராய்டை முழுவதுமாக வெட்டி எடுத்த நோயாளிகளுக்கும் இதே மாதிரி மந்தம் வருவதைச் சொன்னார். லண்டனில் ஒரு குழு நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, 1888-இல் அறிக்கை தந்தது: குற்றவாளி தைராய்டுதான்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். 1891-இல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டுத் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அவருக்கு வயது 46! படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தேறினார். மருந்தை விடாமல் எடுத்து, இன்னும் 28 வருஷம் வாழ்ந்து, 74 வயதில் இறந்தார். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து 870 ஆடுகளின் தைராய்டு செலவானதாக மர்ரே பின்னாளில் கணக்குச் சொன்னார். "வயசாச்சும்மா" என்று அன்றே அனுப்பியிருந்தால் அந்த 28 வருஷம் ஏது?

1912-இல் ஜப்பானின் ஹஷிமோட்டோ, இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் தைராய்டு அழற்சியை விவரித்தார். அவருடைய நோயாளிகள் நான்கு பேருமே நடுவயதுப் பெண்கள். இரண்டும் ஒரே வயதில் ஒரே வாசலில் வந்து நிற்பதால்தான் இத்தனை குழப்பம்.

இப்போது பிரித்துப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஆனால் ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது. மெனோபாஸுக்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டால், தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதம் ரத்தத்தில் கூடுகிறது. அதனால் தைராய்டு மாத்திரையின் அளவையும் கூட்ட வேண்டி வரலாம் என்று 2001-இல் அராஃபா காட்டினார். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையும் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளித்தான் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதத்தில் எனக்குக் கனமும் மந்தமும் குறைந்தன. ராத்திரி திடீரென்று வேர்த்துக் கொட்டுவது மட்டும் போகவில்லை. அது நிஜமாகவே வயசுதான். அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்கிறேன். அக்கா சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் எட்டு மாதம் ஆனது.