சிகரமும் இமயமும் சொல்லாதது

இயக்குநரின் பெயரே அடைமொழியாகி, அவரது பாணிக்கு அடையாளமாக நிற்பது ஆங்கிலத்தில் வழக்கம். குப்ரிக், லிஞ்ச், டாரண்டினோ ஆகியோரின் பெயர்களிலிருந்து பிறந்த அடைசொற்களை 2018இல் ஆக்ஸ்போர்டு அகராதியே ஏற்றுக்கொண்டது. நம் மரபு வேறு. நாம் பட்டம் சூட்டுகிறோம். பாலசந்தர் ‘இயக்குநர் சிகரம்’; பாரதிராஜா ‘இயக்குநர் இமயம்’. உயரம் தெரிகிறது, அங்கே விளைவது யாதெனத் தெரிவதில்லை.

இவ்விருவருக்கும் முன்னரே இயக்குநரானவர், செங்கற்பட்டுச் சீமையின் சித்தாமூரில் 1933இல் பிறந்த ஸ்ரீதர். அவரைப் ‘புதுமை இயக்குநர்’ என்றார்கள். இது உயரத்தை அன்றிச் செயலைக் குறிக்கும் சொல். ஆதலின் சற்று மேலானது. நடிகரின் பெயர் கேட்டுக் கொட்டகைக்குச் சென்றவர்களுள் பலரை, இயக்கியவர் யார் என வினவச் செய்தவர் அவர். 1961இல் ‘தேன் நிலவு’க்காகக் காஷ்மீர் வரை சென்றார். மறு ஆண்டே ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை ஒரே மருத்துவமனை அரங்குக்குள் சில வாரங்களில் முடித்தார். அச்சிறு அரங்கில் வின்சென்டின் ஒளிப்பதிவு புகாத மூலையில்லை.

ஆயினும் புதுமை என்பது, ஒருவர் நேற்றுச் செய்யாததையே சுட்டும். என்றும் செய்துவந்ததைச் சுட்டாது. ஸ்ரீதர் மீண்டும் மீண்டும் நாடியது விட்டுக்கொடுத்தலை. திருமணம் கைகூட வேண்டி மக்கள் திருவிடந்தைப் பெருமாளை நாடும் சீமை இது. அச்சீமையின் மைந்தர், 1959இல் தாம் இயக்கிய முதற்படத்துக்குக் ‘கல்யாணப் பரிசு’ எனப் பெயரிட்டு, கைகூடாக் காதலைச் சொன்னார்! தங்கை தன் காதலனை அக்காளுக்கு விட்டுக்கொடுக்கிறாள். அக்காள் இறந்தபின், அவன் தாயற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அதற்குள் தங்கைக்கு வேறொருவருடன் மணம் முடிந்துவிடுகிறது. அவன் தரும் பரிசு அக்குழந்தைதான்.

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ இன்னும் கடினமானது. முன்னாள் காதலியின் கணவனையே பிழைக்க வைக்க வேண்டிய நிலை மருத்துவருக்கு. அறுவை சிகிச்சை தவறினால் ஊர் என்ன சொல்லும், தம் மனமே என்ன சொல்லும்? கணவன் பிழைக்கிறான், மருத்துவர் மாண்டுபோகிறார். இத்துறவைப் ‘புதுமை’ என்ற சொல்லால் எங்ஙனம் குறிப்பது? துறவு மிகப் பழையது அன்றோ!

1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் மட்டும் யாரும் எதையும் இழப்பதில்லை. அதனாற்போலும், அவர் படங்களுள் நம்மவர் சலிக்காமல் பார்ப்பது அதுவே.