மண்ணீரலை எடுக்காமல் விட்டவர்கள்

சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி விழுந்த பிள்ளைக்கு வெளியே சிராய்ப்புகூட இருக்காது. ஆனால் உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கலாம். கிழிந்தது தெரிந்தால் என்ன செய்வது? நூறு வருஷத்துக்கு முன்னால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வயிற்றைத் திற, மண்ணீரலை எடுத்துவிடு, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து சர்ஜன் தியோடர் கோஹர் (1909-ல் நோபல் பரிசு வாங்கியவர்) போன்ற பெரிய ஆட்களே, அதை எடுத்தால் கெடுதல் எதுவும் வராதுன்னுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

1952-ல் அந்த நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கிங், ஷூமேக்கர் என்ற இரு மருத்துவர்கள், பிறவி ரத்த நோய்க்காக மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பிறகு கடுமையான தொற்று வந்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். நிமோகாக்கஸ் மாதிரி கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டும் முக்கியமான சல்லடை மண்ணீரல்தான். அது இல்லாத பிள்ளையைச் சாதாரணக் காய்ச்சல் மாதிரி ஆரம்பிக்கும் தொற்று ஒரே நாளில் கொண்டுபோய்விடலாம்.

கனடாவில் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் சிலர் அதற்குள் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். குழந்தைகளின் மண்ணீரல் பெரும்பாலும் தானாகவே ரத்தத்தை நிறுத்திக்கொள்ளும் என்பது அவர்கள் கண்டது. படுக்க வை, நாடியைப் பார், தேவைப்பட்டால் ரத்தம் ஏற்று, காத்திரு. 1968-ல் இதைக் கட்டுரையாக எழுதியவர்கள் உபாத்யாயா, சிம்ப்சன். ஆமாம், அதே புருஷோத்தம் உபாத்யாயாதான், டெல்லி எய்ம்ஸில் குழந்தைகள் அறுவைத் துறையில் பேர் வாங்கியவர். பெரியவர்களுக்கு ஆபரேஷன் செய்யும் சர்ஜன்கள் இதை லேசில் ஏற்கவில்லை. உள்ளே ரத்தம் கசியும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்ற பயம், நியாயமான பயம்தான்.

வேடிக்கை என்னன்னா, 1965-ல் அமெரிக்காவில் ரூட் என்பவரும் சகாக்களும் ஒரு சோதனை கொண்டுவந்தார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டு, உப்பு நீர் ஊற்றி, திரும்ப எடுத்துப் பார்ப்பது. சிவப்பாக வந்தால் ஆபரேஷன். கொஞ்சம் ரத்தத்தையும் அது கண்டுபிடித்துவிடும். குழந்தைகள் விஷயத்தில் அதுவே வினை! ரத்தம் இருக்கிறதா என்பது அங்கே தவறான கேள்வி. பிள்ளை தாக்குப்பிடிக்கிறதா என்பதே கேட்க வேண்டியது. அதையும் பிரஷரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உடம்பு ரத்தத்தில் 30 சதவீதம் போகும்வரைகூட குழந்தையின் பிரஷர் இறங்காமல் நிற்கலாம். அதற்கு முன்பே நாடி எகிறும், கைகால் குளிரும்.

பிறகு சி.டி. ஸ்கேன் வந்தது. திறக்காமலே காயத்தைப் பார்க்க முடிந்ததால் காத்திருக்கத் தைரியம் வந்தது. கூடவே எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன், கதிர்வீச்சு என்ற புதுத் தொல்லை.

2013-ல் அமெரிக்காவின் 20 அவசரப் பிரிவுகளில் 12,044 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு வெளியானது. வயிற்றில் சீட் பெல்ட் தழும்பு அல்லது அடிபட்ட அடையாளம், நினைவு மங்கல், தொட்டால் வலி, பிள்ளையே சொல்லும் வயிற்றுவலி, நெஞ்சுச் சுவரில் காயம், குறைந்த மூச்சொலி, வாந்தி. இந்த ஏழில் எதுவும் இல்லையென்றால், சிகிச்சை தேவைப்படும் உள்காயம் இருக்க வாய்ப்பு 0.1 சதவீதம்தான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஒன்றுமில்லை. கண், கை, காது போதும். ஏழில் ஒன்று இருந்தாலே ஸ்கேன் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. பல பிள்ளைகளுக்கு அடுத்த சில மணி நேரம் கூடவே இருந்து, வயிற்றை மறுபடி மறுபடி தொட்டுப் பார்ப்பதுதான் வேலை.