சுருங்கிய லைலா

செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டோர டீக்கடையில் தினத்தந்தியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வோம். கன்னித்தீவு இருக்கிற தாளுக்குத்தான் இழுபறி.

1960இல் தொடங்கிய இந்தப் படக்கதையை ‘முடியாத கதை’ என்று கேலி பேசியே பழகிவிட்டோம். கேலியில் விடுபட்டுப்போவது லைலாவின் உடல். மந்திரவாதி மூசா அவளைப் பொம்மையளவுக்குச் சுருக்கிவிடுகிறான். பழைய உருவத்தை மீட்டுத்தரத்தான் சிந்துபாத்தின் இத்தனை அலைச்சலும். காதலுக்காக அலைகிற இளைஞனின் கதைதான் இது. ஆனால் காதலி ஆளளவில் இல்லை.

1946 முதல் அமெரிக்க நாளிதழ்களில் வந்த ஆர்ச்சி படக்கதையில் பெட்டி, வெரோனிகா என்று இரண்டு பெண்கள். அவன் குளிர்பானம் குடிக்கிற கடையில் அவர்களும் சரிசமமாக உட்காருகிறார்கள். நம்ம டீக்கடை பெஞ்சில் பெண்ணுக்கு ஏது இடம்? மில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் குனிந்த தலையோடு அதைக் கடந்தார்கள். நிமிர்ந்து பார்க்கவும் கணக்கு உண்டு: எந்தத் தெருப் பையன் எந்தத் தெருப் பெண்ணைப் பார்க்கலாம் என்பதைச் சாதி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. சிந்துபாத்துக்குத் தெரு கிடையாது, கடல்தான். அந்த நாலைந்து கட்டத்துக்காக நாங்கள் ஏன் அடித்துக்கொண்டோம் என்பது இப்போதுதான் பிடிபடுகிறது. (கதையில் லைலா என்ன நினைக்கிறாள் என்று அன்று ஒருத்தரும் கேட்டதில்லை, நான் உள்பட.)

“லைலா எப்ப அண்ணாச்சி பெரிசாவா?” என்றேன் ஒருநாள். டீ ஆற்றியபடியே சொன்னார்: “பெரிசானா வீட்டுக்குள்ளல்ல வச்சுப் பூட்டிருவாங்க.”