அறிவிக்கப்படாத காலியிடம்: பதவி உயர்வில் தெரிந்துகொள்ளும் உரிமை

பதவி உயர்வு மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். காலியிடம் இருந்ததே தெரியாதவர் எதைக் கேட்பார்? அவர் விண்ணப்பிக்கவில்லை, ஆகவே அவரை எவரும் நிராகரிக்கவும் இல்லை. கோப்பில் அவர் பெயரே இராது. நிறுவனத்துக்குள் காலியாகும் இடங்களைச் சொல்லாமல் நிரப்பும் வழக்கத்தின் தீங்கு இங்குதான் தொடங்குகிறது: தேர்வு நேர்மையாக நடந்ததா என்று கேட்பதற்கு முன்பே, யார் யார் போட்டியிடலாம் என்பது முடிவாகிவிடுகிறது. உள் அறிவிப்பை நிர்வாகத்தின் நல்லெண்ணமாக விட்டுவிடாமல் ஊழியரின் உரிமையாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1972 மார்ச்சில் அமெரிக்காவின் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த 'ரோ எதிர் ஜெனரல் மோட்டார்ஸ்' தீர்ப்பு இதற்கு முதன்மைச் சான்று. அந்நிறுவனத்தின் அட்லாண்டா ஆலைகளில் மணிக்கணக்கில் கூலி பெற்ற கறுப்பினத் தொழிலாளர், சம்பளப் பதவிகளுக்கு உயர்வது அரிதாக இருந்தது. உயர்வுக்கு ஃபோர்மேனின் பரிந்துரையே எல்லாவற்றிலும் முக்கியம். எந்தத் தகுதிகளைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எழுத்தில் எதுவும் தரப்படவில்லை. இருந்த அளவுகோல்களும் தெளிவற்றவை. காலியிடமோ அதற்கான தகுதியோ தொழிலாளருக்கு அறிவிக்கப்படவில்லை. பாகுபாட்டைத் தடுக்கும் ஏற்பாடும் இல்லை. நிர்வாகம் என்ன எண்ணியது என்பதைவிட, முறையே பாகுபாட்டுக்கு வழிவிட்டதைத்தான் நீதிமன்றம் பெரிதாகக் கொண்டது.

'நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லையே' என்பது இத்தகைய வழக்குகளில் எளிதில் எழும் எதிர்வாதம். 1984இல் 'கார்மைக்கேல் எதிர் பர்மிங்ஹாம் சா வொர்க்ஸ்' வழக்கில் பதினொன்றாம் வட்டார நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறிவிப்பின்றி வாய்மொழியாகவே இடங்கள் நிரப்பப்படும்போது, விண்ணப்பிக்காததை ஊழியரின் குறையாகக் கொள்ள முடியாது என்றது.

பிரிட்டனின் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 'விசா இன்டர்நேஷனல் எதிர் பால்' வழக்கில், மகப்பேறு விடுப்பில் இருந்த ஊழியரிடம் ஒரு காலியிடம் பற்றிச் சொல்லப்படவில்லை. விண்ணப்பித்திருந்தாலும் அவர் நேர்காணல் பட்டியலுக்கே வந்திருக்கமாட்டார் என்ற நிலையிலும், சொல்லாமல் விட்டதே முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான நம்பிக்கையை மீறிய செயல் எனத் தீர்ப்பாயம் கண்டது. இழப்பு அந்தப் பதவி மட்டுமல்ல. முயன்று பார்க்கும் வாய்ப்பும் இழப்பே.

'எங்கள் ஆட்களை எங்களுக்குத் தெரியும். அறிவிப்பு காலவிரயம்' என்று மேலாளர்கள் சொல்வதுண்டு. ஜே. ஆர். கெல்லர் 2018இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைக்கிறது. அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் ஐந்தாண்டு உள்நியமனங்களை அவர் ஒப்பிட்டார். மேலாளர் தாமே பொறுக்கி அமர்த்தியவர்களைவிட, அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்து வந்தவர்களே சிறந்த நியமனங்களாக அமைந்தனர். தொடக்கச் சம்பளமும் கூடுதலாகப் பெற்றனர். மேலாளரின் பார்வைக்கு எட்டாத திறமையும் நிறுவனத்துக்குள் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

ஆளை முடிவு செய்துவிட்டுப் பெயருக்கு ஒட்டப்படும் அறிவிப்பு வெறும் கண்துடைப்பு என்ற மறுப்பு வலுவானது. அறிவிப்பை எவராவது கண்காணித்தால்தான் அதற்கு மதிப்பு. ஜெர்மனியின் 1972ஆம் ஆண்டு நிறுவன அமைப்புச் சட்டம் அந்தப் பொறுப்பை ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்திடம் தந்தது. காலியிடங்களை முதலில் உள்ளே அறிவிக்கும்படி 93ஆம் பிரிவின்கீழ் மன்றம் கோரலாம். கோரியும் அறிவிக்கவில்லையெனில், 99ஆம் பிரிவின்படி நியமனத்துக்கு இசைவு மறுக்கலாம். இது நேர்மையான தேர்வுக்கு முழு உத்தரவாதம் ஆகாது. ஆனால் அறிவிப்பைப் புறக்கணிக்கும் நிர்வாகத்துக்கு நியமனமே சிக்கலாகும்.

இந்தியாவில் அரசுப் பணியாளருக்கு அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு துணை நிற்கிறது. பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது அடிப்படை உரிமை என 1999இல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தனியார் துறைக்கு இப்பிரிவு எட்டாது. 25 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனங்களையும் உள்ளடக்கிய 1959ஆம் ஆண்டுக் காலியிட அறிவிப்புச் சட்டம்கூட, பதவி உயர்வால் நிரப்பப்படும் இடங்களை விலக்கியே வைத்தது.

இந்த இடைவெளியை நிறுவனங்களின் நிலையாணைகள் வழியாகவே நிரப்பத் தொடங்கலாம். பதவி உயர்வு இடம் ஒவ்வொன்றுக்கும் தேவையான தகுதி, கடைசி நாள், தேர்வு செய்வோர் ஆகிய விவரங்கள் எழுத்தில் வர வேண்டும்; விடுப்பில் இருப்பவருக்கும் இரவுப் பணியாளருக்கும் அவை போய்ச் சேர வேண்டும்; தேர்வாகாதவர் கேட்டால் காரணம் சொல்லப்பட வேண்டும். அவசரத்துக்கு ஒருவரைத் தற்காலிகமாக அமர்த்த இதில் தடை இல்லை. அந்த இடத்தை நிரந்தரமாக்கும் முன் அறிவிப்பு வந்தாக வேண்டும்.