மாஞ்சோலை

மாஞ்சோலை, திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைமேல் உள்ள தேயிலைத் தோட்ட ஊர். காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய அண்டைக் குடியிருப்புகளையும் சேர்த்து மாஞ்சோலை என்றே சமவெளியில் சொல்வார்கள். ஏறத்தாழ நூறாண்டு மக்கள் வாழ்ந்த இந்த ஊரில் எந்தத் தொழிலாளியின் பெயரிலும் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூடப் பட்டா இருந்ததில்லை. ஊருக்கு நேர்ந்தவற்றில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம்.

மணிமுத்தாறு அணையையும் அருவியையும் கடந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறினால் முதலில் வருவது மாஞ்சோலை. அங்கிருந்து காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று பாதை மேலேறும். தோட்டங்கள் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவக்காற்றும் இங்கே மழை தரும். தமிழ்நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் அடங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மாஞ்சோலையில் ஒரே நாளில் 55 செ.மீ. மழை பதிவானது. இங்கே பெய்வது மணிமுத்தாறாக இறங்கி, 118 அடி அணையில் தேங்கி, கடைசியில் தாமிரபரணியில் சேர்கிறது. தோட்டங்களைச் சுற்றிலும் சோலைக்காடு. சிங்கவால் குரங்கு, யானை, காட்டெருமை எல்லாம் உண்டு. 1988-இல் உருவான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இந்த மலையை முழுவதும் சூழ்ந்திருக்கிறது.

மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. வழக்குச் செலவுகளால் ஜமீன் கடன்பட்டிருந்த காலத்தில், 1929-இல், சுமார் 8,373 ஏக்கர் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. பர்மாவின் தேக்கு வணிகத்தில் வளர்ந்த நிறுவனம் இது. பர்மிய மன்னர் தீபோவின் அரசு இதன்மேல் விதித்த அபராதமே 1885-இல் மூன்றாம் ஆங்கிலோ-பர்மியப் போருக்கு முகாந்திரமானது. ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் 1952-இல் நிலம் அரசின் கைக்கு வந்தும் குத்தகை தொடர்ந்தது. தேயிலையோடு காபி, மிளகு, ஏலம் ஆகியவையும் பயிரிடப்பட்டன.

காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் நெல்லைச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆள்சேர்க்கும் கங்காணிகள் மூலம் வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். கீழே நிலமற்ற கூலிகளாகச் சாதியின் ஒடுக்குமுறைக்குள் இருந்தவர்களுக்கு மலை ஒரு புகலிடமாகவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, முதுகுச் சாக்கில் நிரப்பி, எடை போடும் இடத்துக்குச் சரிவில் சுமந்து வர வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அட்டைகள் காலைப் பிடித்துக்கொள்ளும். உப்பையோ மூக்குப்பொடியையோ தடவி உதிர்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போவார்கள். குடியிருந்தது வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில்தான். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது நடைமுறையாக இருந்தது. பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலைக்கு வந்தால்தான் குடும்பம் அங்கே தங்க முடிந்தது. படித்தவர்கள் கீழே இறங்கிவிட, மக்கள்தொகை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது. கடைசிக் காலத்தில் எஞ்சியவை ஏறத்தாழ 700 குடும்பங்கள்.

கூலி உயர்வு கேட்டு 1998-இல் தொடங்கிய போராட்டம் ஊரின் பெயரைத் தமிழகம் முழுக்க அறியச் செய்தது. போராடிச் சிறைப்பட்ட 600-க்கும் மேற்பட்டோரை விடுவிக்கக் கோரி, 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி சென்றது. கொக்கிரகுளம் அருகே காவல்துறை தடியடி நடத்தியது. ஓடிய மக்கள் தாமிரபரணியில் இறங்கினர். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தனர். நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கூலி கேட்டவர்கள் பிணமாகத் திரும்பிய அந்த நாள் ஒவ்வோர் ஆண்டும் ஆற்றங்கரையில் நினைவுகூரப்படுகிறது. இயக்குநர் மாரி செல்வராஜின் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்ற சிறுகதைத் தொகுப்பின் தலைப்பு இந்த நிகழ்வைச் சுட்டுகிறது.

நிலம் 2018-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028-இல்தான் முடிய வேண்டும். ஆனாலும் நிறுவனம் முன்கூட்டியே வெளியேற முடிவெடுத்து, 2024 ஜூனில் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அளித்தது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ தோட்டங்களை ஏற்று நடத்த வேண்டும் என்பது மக்களின் கோரிக்கை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்கத் தொடங்கப்பட்ட கழகம் என்பதால் அந்தக் கோரிக்கைக்கு ஒரு நியாயமும் இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 டிசம்பரில் அதை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளை நிறைவேற்றுமாறு அரசுக்கு உத்தரவிட்டது. காடு மீள வேண்டியது அவசியமே. நான்கு தலைமுறையாக மலையில் உழைத்தவர்களுக்குச் சமவெளியில் வீட்டோடு பிழைப்பும் தர வேண்டியது அதே அளவு அவசியம். கொழுந்து பறித்தே ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குக் கீழே கைவசம் வேறு தொழில் கிடையாது.